தலைக்கு மேல் ஓர் அடுப்பு

மதுரைக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவையே அந்த வெயிலில்தானே நடத்துகிறோம்! ஆனால் வெயில் வேறு, புழுக்கம் வேறு. வெயில் மாலை ஆறரை மணிக்குப் போய்விடுகிறது. புழுக்கம் அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் வந்து பாயை விரிக்கிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த உஷ்ணத்தை, மனிதர்கள் படுக்கப் போகும் நேரம் பார்த்து மெல்ல மெல்லக் கீழே விடுகிறது.

சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் என் பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. மொட்டை மாடிக்கு ஏறிப் படுக்க முழங்கால் இடம் கொடுப்பதில்லை. மின்விசிறியைச் சுழல விட்டால், அது மேலே தேங்கிய சூட்டையே வாரி இறைக்கிறது. தரையில் தண்ணீரைத் தெளித்து, ஈரத் துண்டைப் போர்த்துக்கொண்டு கிடப்பாள். இந்த வயதில் இரவிலும் உடம்பு தணியாவிட்டால் இருதயத்துக்கு ஆபத்து என்று வைத்தியர் எச்சரித்துவிட்டார். 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையைப் பேரிடர் என்றே அறிவித்தது. வீட்டுக்காரரோ, "வெயில்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்று வேதாந்தம் பேசினார்.

அப்படித்தான் இருக்க வேண்டுமா என்ன? திருமலை நாயக்கர் மகாலுக்குள் மத்தியானம் ஒரு மணிக்குப் போய் நின்று பாருங்கள். 1636-இல் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான், சுவர்களின் கனமும் விதானத்தின் உயரமும் வெயிலை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. சரி, அது ராஜா வீடு. சாதாரண மச்சு வீடுகளில் என்ன செய்தார்கள்? தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியை மூன்று அங்குலத்துக்குக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அதன்மேல் தட்டோடு. சுருக்கி கடத்தும் உஷ்ணம் கான்கிரீட் கடத்துவதில் ஏறக்குறைய பாதிதான்.

விஷயத்தின் ரகசியம் காற்றில் இருக்கிறது. அசையாமல் சிறைப்பட்ட காற்றைப் போல உஷ்ணத்தைத் தடுப்பது வேறில்லை. ஓலைக் குடிசை குளுமையாக இருப்பதற்கும், கம்பளி குளிரைத் தடுப்பதற்கும் காரணம் ஒன்றே. ஆனால் ஓலைக்கு நெருப்பு எமன். 2004-இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளை அந்தக் கூரைத் தீ கொண்டுபோன பிறகு யாருக்கு அதைப் புகழ மனம் வரும்? ஓலையை எடுத்த ஏழைகள் பலர் கல்நார் தகட்டைப் போட்டார்கள். கால் அங்குலத் தகடு எந்த உஷ்ணத்தைத் தடுக்கப் போகிறது? போதாததற்கு அது உடைந்து பறக்கும் தூசு நுரையீரலுக்குப் புற்றுநோயும் தரும்.

தெர்மோகோல் என்றதும் மதுரையில் எல்லோரும் சிரிக்கிறோம். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மோகோல் அட்டைகளை மிதக்க விட்டதும், காற்று அவற்றைக் கரைக்கு ஒதுக்கியதும் ஊரறிந்த கதை. அமைச்சரைக் கேலி செய்தவர்கள் அந்தப் பொருளையும் சேர்த்துக் கேலி செய்துவிட்டார்கள். அதுதான் எனக்கு வருத்தம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றாலான பண்டம் அது. கான்கிரீட் கடத்துவதில் நாற்பதில் ஒரு பங்கு உஷ்ணத்தைக்கூடக் கடத்தாது. தண்ணீரில் விட்டால் காற்றோடு போகும். தளத்தின்மேல் பரப்பி, மேலே சிமெண்டும் ஓடும் போட்டு அழுத்தினால் எங்கே போகும்?

எங்கள் கொத்தனார் அதற்கும் ஒப்பவில்லை. "அது எதுக்குங்க? பானையைக் கவுத்துருவோம்" என்றார். சிறு மண்பானைகளைத் தளத்தின்மேல் தலைகீழாக நெருக்கி அடுக்கி, இடுக்குகளில் சுருக்கியைப் போட்டு நிரப்பி, மேலே தட்டோடு பதிப்பது. ஒவ்வொரு பானைக்குள்ளும் ஒரு குடம் காற்று சிறையிருக்கும். பன்னிரண்டுக்குப் பத்தடி அறைக்கு இருநூற்றைம்பது பானை. கடத்துக்குப் பேர்போன மானாமதுரையிலிருந்தே தருவித்தோம்.

பணம் யார் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். வீட்டுக்காரர் கூலியில் பாதிக்குமேல் அசைய மாட்டேன் என்றார். மிச்சத்தைப் பெரியம்மா தபாலாபீஸ் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "ஊரான் வீட்டுக் கூரைக்கு உன் பணமா?" என்று கேட்டேன். "கூரைதாண்டா ஊரான் வீட்டுது. அதுக்குக் கீழே கெடக்குறது நான்தானே?" என்றாள்.

அந்த வைகாசியில் ஈரத் துண்டு கொடியிலேயே கிடந்தது. ஒருநாள் இரவு மேலே வந்த வீட்டுக்காரர் நடுக்கூடத்தில் நின்று கையை உயர்த்திப் பார்த்தார். "அட, கீழே எங்க வீட்டைவிட நல்லாருக்கே!" என்றார். பதினோராம் மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாடகையில் ஐந்நூறு ரூபாயைக் கூட்டிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. பெரியம்மா கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.