மண்ணச்சநல்லூர் டு ஸ்ரீரங்கம்: சின்ன பி.எம்.டபிள்யூவா, பெரிய பி.எம்.டபிள்யூவா?

திருச்சியிலிருந்து வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டில் இடது பக்கம் திரும்பி, உத்தமர்கோயில், நொச்சியம் என்று போனால் மண்ணச்சநல்லூர். ஊர் நெருங்குவதைப் பெயர்ப்பலகைக்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். நெல் அவியும் வாசனை. ஊருக்குள் பெருவளை வாய்க்கால் ஓடுகிறது. நிலம் வாங்க, வீடு கட்ட வேண்டிக்கொள்கிறவர்கள் வெளியூர்களிலிருந்து பூமிநாதர் கோயிலுக்கு வருகிறார்கள். ஆனால், மண்ணச்சநல்லூர் என்றதும் தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் நினைவுக்கு வருவது ஒன்றுதான். பொன்னி அரிசி.

அரிசி ஆலைகள் நிறைந்த ஊர் என்பதால் இங்கே தெருவில் எப்போதும் லாரிதான் ராஜா. நெல் மூட்டை ஏற்றிய லாரி எதிரே வந்தால் பைக், ஆட்டோ, கார் எல்லாம் ஓரம் கட்ட வேண்டியதுதான். அந்தத் தெருவுக்குள் ஒரு சொகுசு செடான் வந்தால் அதற்கும் அதே மரியாதைதான்!

அப்படிப்பட்ட ஊரில், ஓர் ஆலைக் குடும்பத்தில் மூன்று மாதமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. உறவினர்கள் இருவர் ஆளுக்கொரு பி.எம்.டபிள்யூவை விற்க முன்வந்திருந்தார்கள். ஒன்று 2 சீரிஸ் கிரான் கூபே, இன்னொன்று 3 சீரிஸ் கிரான் லிமோசின். இரண்டும் சில வருடங்கள் ஓடிய டீசல் கார்கள். மகனுக்குச் சின்னது பிடித்திருந்தது. ஓட்டப்போவது அவர்தான். ஆனால், மாதம் இருமுறை அவருடன் சென்னை போவது அப்பாவும் அம்மாவும். அப்பாவுக்கு வியாபாரம், அம்மாவுக்கு முட்டி வைத்தியம். வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் இந்த விலைக்குக் கார் வாங்கப்போகிறார்கள் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து.

கார்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2 சீரிஸ் கிரான் கூபே இந்தியாவுக்கு வந்தது 2020 அக்டோபரில். 3 சீரிஸ் கிரான் லிமோசின் 2021 ஜனவரியில். வேடிக்கை என்னவென்றால், 220டி, 320எல்.டி இரண்டின் டீசல் இன்ஜினும் 2 லிட்டர்தான். இரண்டுக்கும் 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க், 8 கியர் ஆட்டோமேட்டிக். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடச் சின்னதுக்கு 7.5 நொடி, பெரியதுக்கு 7.6 நொடி என்கிறது நிறுவனம். அறிமுக விலையோ சின்னதுக்கு 39.30 லட்சம், பெரிய டீசலுக்கு 52.50 லட்சம், அதுவும் ஷோரூம் விலை. வித்தியாசம் 13.20 லட்சம். பழைய காரில் இந்த இடைவெளி சுருங்கும், ஆனால் மறைந்துவிடாது.

அப்பா இதைத் தன் பாணியில் கணக்குப் போட்டார். 2025-26 பருவத்துக்குச் சன்ன ரக நெல்லுக்குத் தமிழக அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். 13.20 லட்சத்துக்கு 500 குவிண்டாலுக்கு மேல் வரும். டன்னில் சொன்னால் ஐம்பதைத் தாண்டும். அறுவடை நேரத்தில் கையில் ரொக்கம் இருந்தால்தான் ஆலையில் ஆட்டம் நிற்காது. "அம்பது டன் நெல்லு தம்பி... அது எங்க போச்சுன்னு காரைப் பார்த்தா எனக்குத் தெரியணும்" என்றார்.

எங்கே போனது என்பதை அளவுகளைப் பார்த்தாலே ஓரளவு சொல்லிவிடலாம். அகலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1,800 மில்லிமீட்டர் எங்கே, 1,827 எங்கே... இரண்டு விரல்கடைகூட இல்லை. நீளத்தில் சின்னது 4,526 மில்லிமீட்டர். பெரியது 4.8 மீட்டருக்குச் சற்று மேலே, அதாவது கிட்டத்தட்ட ஒரு அடி கூடுதல். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான வீல்பேஸ் சின்னதில் 2,670, பெரியதில் 2,961. இங்கேயும் அதே ஒரு அடி!  அதில் ஒரு பங்கு பின் ஸீட்டில் உட்காருபவரின் காலடிக்குப் போயிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒரே வழியில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. மண்ணச்சநல்லூர், ஸ்ரீரங்கம், சமயபுரம், சென்னை நெடுஞ்சாலையில் சிறுகனூர் வரை, மறுபடி மண்ணச்சநல்லூர். காலையில் சின்னது, சாப்பாட்டுக்குப் பிறகு பெரியது.

சின்ன காரின் கதவுகளில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி லேசாகக் கீழே இறங்கிக் கதவு திறக்கும். பார்க்க அழகு. ஆனால், கூரை பின்னால் போகப் போகச் சரிந்து இறங்குகிறது. அம்மா குனிந்து, கொண்டையைக் கையால் காப்பாற்றிக்கொண்டு உள்ளே போனார். "ஏண்டா, உட்காரவே இப்படின்னா இறங்குறதுக்கு யாரைக் கூப்பிடுறது?" மகன் பதில் சொல்லவில்லை.

கொள்ளிடம் பாலத்தில் காலை வெயில். 2016-ல் திறந்த புதுப் பாலத்தில் போகும்போது பக்கத்தில் இருந்த பழைய இரும்புப் பாலத்தைத் தேடும் கண்கள் இந்தப் பகுதிக்காரர்களுக்கு இன்னும் இருக்கின்றன. 1928-ல் கட்டிய அந்தப் பாலத்தின் தூண்களை 2018 ஆகஸ்ட் வெள்ளம் சாய்த்தது. பாலம் தாண்டினால் திருவானைக்கோயில், அங்கிருந்து ஸ்ரீரங்கம்.

சின்ன காரின் ராஜ்ஜியம் ஸ்ரீரங்கம்தான். 1987-ல் முழுமையடைந்த 236 அடி ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே போகப் போக மதில்கள் நெருங்கி வருகின்றன. ஏழு சுற்று மதில் கொண்ட கோயிலின் வெளிச்சுற்றுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். கடை இருக்கிறது, மாடு இருக்கிறது, பூ வாங்கப் பாதி ரோட்டில் நிற்கும் டூ வீலர் இருக்கிறது. தேர் ஓடும் சித்திரை வீதி அகலம்தான். அங்கிருந்து குறுக்குச் சந்துக்குத் திரும்பும்போதுதான் ஒரு அடியின் அருமை தெரியும். கிரான் கூபே ஒரே மடக்கில் திரும்பியது. மதியம் அதே முனையில் கிரான் லிமோசினை ரிவர்ஸ் எடுத்து, மறுபடி மடக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி வந்து "வாங்க வாங்க... இன்னும் வாங்க" என்று கை காட்டினார். திருச்சிப் பக்கத்து மனிதர்கள் இப்படித்தான்!

ஸ்பீடு பிரேக்கரிலும் இதே கதைதான். சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகமாக அதிகமாக, நடு வயிறு மேட்டில் உரசும் பயமும் அதிகம். கிராமத்துச் சாலைகளில் யாரோ அள்ளிக் கொட்டியது போன்ற மேடுகளைப் பெரிய கார் சாய்வாக ஏறித்தான் கடந்தது.

சமயபுரம் வந்ததும் கணக்கு மாறியது. சாதாரண நாட்களில் இங்கே நெடுஞ்சாலை அகலமாக விரிகிறது. மாசி, பங்குனி மாதங்களில் பூச்சொரிதல் காலத்தில் வந்தால் வேகத்தை மறந்துவிட வேண்டும். மஞ்சள் உடையில் நடந்து வரும் பக்தர்களுக்குத்தான் அந்தச் சாலை. அன்று கூட்டமில்லை. சிறுகனூர் வரை சின்ன காரும் நன்றாகவே பறந்தது. ஆனால், பாலங்களின் இணைப்பு ஒவ்வொன்றும் பின் ஸீட்டுக்குத் தெரிந்தது. அம்மா முன் ஸீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மதியம் அதே சாலை, பெரிய கார். மகனுக்குத்தான் முதல் ஆச்சர்யம். சின்னதில் இன்ஜின் விசை முன் சக்கரங்களுக்குப் போகிறது, பெரியதில் பின் சக்கரங்களுக்கு. ஸ்டீயரிங்குக்குத் திருப்புகிற வேலை மட்டும்தான். வளைவில் அது கையில் தெளிவாகத் தெரிகிறது. ஓட்டுகிறவருக்குச் சின்னது, உட்காருகிறவருக்குப் பெரியது என்று பொதுவாகச் சொல்வார்கள். நெடுஞ்சாலையைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை. அங்கே ஓட்டவும் பெரியதுதான் சுகம். சின்னதின் சாமர்த்தியமெல்லாம் ஊருக்குள்.

ஏறி இறங்குவதில் பெரிய காரும் முழு மார்க் வாங்கவில்லை. பின் கதவு அகலமாகத் திறக்கிறது, தலை இடிக்கவில்லை. ஆனாலும் செடான் செடான்தான், ஸீட் தாழ்வு. முட்டி வலிக்காரர்களுக்கு இன்னோவா மாதிரி உயரமான வண்டியே வசதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. பின்னால் நடுவில் மூன்றாவது ஆளாக உட்காருபவருக்குக் கால் நடுவே தரை மேடு வேறு. ஆனால், உட்கார்ந்த பிறகு அம்மா காலை நீட்டினார். முன் ஸீட் தொடவில்லை. சிறுகனூரில் வண்டியைத் திருப்பியபோது அவர் தூங்கியிருந்தார். அப்பா திரும்பிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. ஐம்பது டன் நெல் எங்கே போனது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போல.

இந்த இரண்டு கார்களுமே இதே சாலையின் மறுமுனையில், செங்கல்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள்கோயில் அருகே, 2007-ல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ ஆலையில் பூட்டப்பட்டவை. சென்னை போகும்போது கடந்து போகும் இடம்தான். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2 சீரிஸில் அடுத்த தலைமுறை 2025-ல் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி 20 சதவிகிதம். விலை வித்தியாசத்துக்கும் சேர்த்துத்தான் அந்த வரி!

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கடைசிச் சிக்கல். போர்டிகோ அம்பாசடர் காலத்தில் கட்டியது. காலையில் சின்ன கார் கச்சிதமாக உள்ளே போனது. பெரியதை விட்டதும் கேட் மூடவில்லை, பின்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. மகன் முகத்தில் லேசாகச் சிரிப்பு.

"பாத்தீங்களாப்பா? வீடே சின்னதைத்தான் கேக்குது."

அப்பா போர்டிகோவின் உள்பக்கம் போய், பழைய சாக்கு அடுக்கியிருந்த அறையின் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இந்தச் சுவரை எடுத்துட்டா ஒரு அடி என்ன, நாலு அடி வரும். கொத்தனாருக்குப் போன் போடு." பின் கதவைத் திறந்து அம்மாவுக்குக் கை கொடுத்தார்.