இரண்டாவது கன்சோல்

ஷிப்மென்ட் நாளில் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேறு எது நின்றாலும் சமாளித்துவிடலாம், கம்ப்யூட்டர் நின்றால் முடியாது. பெட்டியெல்லாம் லாரியில் ஏறியிருக்கும். பேக்கிங் லிஸ்டும் இன்வாய்ஸும் கையில் வராமல் லாரி கேட்டைத் தாண்டாது. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நான் கம்ப்யூட்டர் பிரிவான இ.டி.பி. செக்ஷனில் சேர்ந்த காலத்தில், இத்தனை பெரிய காரியத்துக்கும் ஆதாரமாக இருந்தது ஒரே ஒரு திரை. கறுப்புத் திரை, பச்சை எழுத்து.

மெஷின் ஐபிஎம் ஏஎஸ்/400. 1988 ஜூனில் அமெரிக்காவில் வெளிவந்த மாடல் வரிசை. 1978-ல் இந்தியாவை விட்டுப் போன ஐபிஎம், 1992-ல் டாடாவோடு கூட்டுச் சேர்ந்துதான் திரும்பி வந்தது. எங்கள் கம்பெனிக்கு அது வந்து சேர்ந்தது இன்னும் பின்னால். மாதக்கணக்கில் தொடவே வேண்டாம், அப்படி ஒரு உழைப்பாளி. கட்டிங்கிலும் ஸ்டோர்ஸிலும் ஷிப்பிங்கிலும் ஆளுக்கொரு டெர்மினல். ஆனால் மெஷினைக் கையால் கிளப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டால், அது வேறு எந்தத் திரையோடும் பேசாது. முதல் போர்ட்டில் 0 என்ற முகவரியில் மாட்டிய டெர்மினலைத்தான் தேடும். அதுதான் கன்சோல். அது கண்ணை மூடிவிட்டால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் மெஷின் எதிரே சும்மா நிற்க வேண்டியதுதான்.

2012 மின்வெட்டை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் ஓடினால் முதலில் டேனரி ட்ரம்முக்குத்தான். சுண்ணாம்பிலோ குரோமிலோ தோல் ஊறிக்கொண்டிருக்கும்போது ட்ரம் நின்றால் மருந்து சீராக ஏறாது, திட்டுத் திட்டாகிவிடும். அந்த நஷ்டத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் ரூம் இரண்டாம் பட்சம். அதில் எனக்குக் கோபம் கிடையாது, நியாயம்தான். வேடிக்கை வேறிடத்தில் இருந்தது. சர்வருக்கு யுபிஎஸ் உண்டு. கன்சோல் திரையோ சுவரில் சாதா பிளக்கில் மாட்டியிருந்தது. கரண்ட் போனால் மெஷின் உயிரோடு உறுமிக்கொண்டிருக்கும், அதன் முகம் மட்டும் இருண்டு கிடக்கும்.

முறையிட்டதும் கம்பெனி இன்னொரு டெர்மினல் வாங்கித் தந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து அதையும் அதே மேஜையில் வைத்து, அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிவிட்டுப் போனார். ஸ்டோர்ஸ் பாய் எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் மவுஸைக்கூடத் தொடாத மனிதர்.

“இன்னா தம்பி, ஒண்ணுக்கு ரெண்டு டிவி கீது, ரெண்டும் ஒரே பிளக்குல கீது?”

மாற்று ஏற்பாடு பற்றி அதற்கப்புறம் எத்தனையோ கையேடுகளைப் புரட்டியிருக்கிறேன். பாய் கேட்ட கேள்விக்கு மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அணைக்கட்டிலிருந்து பள்ளிகொண்டா, மாதனூர் வழியாக ஆம்பூருக்குப் பஸ்ஸில் போய்வருகிறவனுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் எங்காவது ஜேசிபி தோண்டிக்கொண்டே இருக்கும். தோண்டுகிற இடத்தில் கேபிள் அறுபடும். இரண்டு கம்பெனி இணைப்பு வாங்கியிருக்கிறோம், ஒன்று போனால் இன்னொன்று என்பார்கள். இரண்டு கேபிளும் ஒரே சாலையோரத்தில் போனால்? 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசியப் பங்குச் சந்தை முற்பகல் 11.40-க்கு நின்று மாலை 3.45-க்குத்தான் மறுபடி ஓடியது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளும் தடுமாறின, வழியில் சாலையைத் தோண்டும் வேலை நடந்தது என்று சந்தையே விளக்கம் கொடுத்தது. கோடிகள் புரளும் இடத்திலும் பாய் சொன்ன பிளக் கதைதான்.

அதே ஆண்டு அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் போல உலகம் முழுக்கக் காணாமல் போனது. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய முதுகெலும்பு இணைப்பையே அறுத்துவிட்டது. இந்த மாதிரி நேரத்துக்கென்று தனியாக வைத்திருந்த மாற்று வழியும் அன்றைக்கு வேலை செய்யவில்லை. கடைசியில் ஆட்களை டேட்டா சென்டருக்கு நேரில் அனுப்பினார்கள். அங்கே பூட்டும் காவலும் பலம், உள்ளே போகவே நேரம் பிடித்தது. மறு வருஷம் ஜூலை 8-ல் கனடாவின் ராஜர்ஸ் நெட்வொர்க் விழுந்தது. அதைச் சரி செய்ய வேண்டியவர்களின் போனும் ராஜர்ஸ்தான்!

இதற்கிடையில் எங்கள் மெஷினும் மாறியிருந்தது. டெர்மினலை மாட்டியிருந்த பழைய ட்வினாக்ஸ் கேபிள் போய், நெட்வொர்க் வழியாகப் பேசும் லான் கன்சோல் வந்தது. ஒரு விண்டோஸ் பிசியே கன்சோல். வசதிதான், ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஸ்விட்ச் எரிந்தால் கன்சோலும் போச்சு. அதனால் ஒரு பழைய லேப்டாப்பை கன்சோலாகத் தயார் செய்து, ஸ்விட்ச் எதையும் தொடாத ஒரு நேர் கேபிளோடு ஷிப்பிங் அறை பீரோவில் வைக்கச் சொன்னேன். சர்வர் ரூமில் வைக்கக் கூடாது. அந்த ரூமில் புகை வந்தால் லேப்டாப்பும் சேர்ந்து வேகும்.

பாஸ்வேர்டு சமாசாரம் இன்னும் ஆபத்து. கன்சோலுக்குள் நுழைய ‘சர்வீஸ் டூல்ஸ்’ பாஸ்வேர்டு தனி. அது தொலைந்தால், மெஷினின் தலைமைப் பயனரான ‘க்யூசெக்ஆஃபர்’ உள்ளே போய் அதைப் புதுப்பிக்கலாம். இரண்டும் ஒன்றாகத் தொலைந்தால் மெஷினை அழித்து முதலிலிருந்து ஏற்றும் நிலைகூட வரலாம். ஒருத்தர் தலையில் மட்டும் இரண்டையும் வைத்திருக்கும் கம்பெனி, அவர் துபாய்க்கு விசா வாங்கும் நாள் வரைதான் நிம்மதியாகத் தூங்க முடியும். எங்கள் பாஸ்வேர்டுகள் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட இரண்டு கவர்களில் இருந்தன. ஒன்று காசாளர் பெட்டகத்தில், இன்னொன்று வேறு கட்டிடத்தில்.

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது நினைவிருக்கும். ஜவ்வாது மலைத் தண்ணீரும் இறங்கி வர, ராத்திரியில் அணைக்கட்டை விட்டுக் கிளம்புவதே பாடு. அப்படி ஒரு ராத்திரி கணக்குப் பிரிவுப் பெண் போன் செய்தாள். ஆம்பூர்க்காரி, வீடு பக்கம்.

“அண்ணா, கன்சோல் பிசி ஆன் ஆகல. மெஷின் முன்னாடி ஏ6-ல ஆரம்பிச்சு ஏதோ நம்பர் நிக்குது.”

“அது கன்சோலைத் தேடுதும்மா. பீரோவுல பேப்பர் இருக்கு பாரு.”

தமிழில் எழுதி வைத்த ஒரு பக்கம். எந்த ஓட்டையில் எந்த கேபிள், அதன் முனையில் ஒட்டிய சிவப்பு டேப், எந்த ஐகான், எந்தக் கவர். அவள் வாசித்துக்கொண்டே செய்தாள். நான் இங்கே மழைச் சத்தத்தில் போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தேன். “மெனு வந்துடுச்சு அண்ணா” என்றாள். அவள் கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் கன்சோல் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவளையே உட்கார வைத்து ஒருமுறை செய்ய வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஓவர்டைம் எதற்கு என்று அன்றைக்கு மேனேஜர் கேட்டார்.

நீங்கள் எந்த மெஷின் வைத்திருந்தாலும் சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை மெயின் கன்சோலை அணைத்துவிட்டு இரண்டாவதில் நுழைந்து பாருங்கள். நீங்கள் தொடாதீர்கள். உங்கள் செக்ஷனில் இதைச் செய்தே இராத ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் வெளியே நின்று போனில் மட்டும் பேசுங்கள்.