மாமாவின் படங்களுக்கு ஒரு சுவர்

எங்கள் வீட்டு வேலை பற்றி நிறையப் பேர் இன்பொக்ஸில் கேட்டுவிட்டீர்கள். "இவ்வளவு செலவழிச்சும் ஏன் மேல்மாடி கட்டல்ல?" என்றும் ஒருவர் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு 1961இல் மூத்தவாப்பா கட்டியது. பிறகு உம்மாவுக்கு வந்தது, எங்கள் பக்கத்து வழக்கப்படி என் கல்யாணத்தோடு எனக்கு வந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, முன்னால் விறாந்தை, நடுவில் வானம் தெரிகிற ஒரு முற்றம். 1978 சூறாவளியில் ஓடுகள் பறந்தன, சுவர் அசையவில்லை என்று உம்மா இன்றும் பெருமையாகச் சொல்வா.

அந்த வீட்டின் முன்னறையில்தான் மாமா இருந்தார். சித்திர ஆசிரியர். கல்யாணம் முடிக்கவில்லை. சம்பளத்தில் பாதி வர்ணத்துக்கும் கடதாசிக்கும் போகும். 2017இல் மௌத்தானபோது 64 படங்கள் இருந்தன. பெரும்பாலானவை அவர் வரைந்த நீர்வர்ணங்கள்: வாவி, வயல், கரைவலை இழுப்பவர்கள். மிச்சம் கூட்டாளிமாரோடு மாற்றிக்கொண்டவை, பென்ஷன் காசில் வாங்கியவை.

அவற்றை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தது நான்தான். 2019 மாரியில் அதற்கு நேர் மேலே ஓடு விலகியிருந்தது எனக்குத் தெரியாது. ஓ/எல் பிள்ளைகளின் பேப்பர் திருத்திக்கொண்டு, கைப்பிள்ளையோடு ஓடித்திரிந்த காலம். தை மாதம் இறக்கிப் பார்த்தால் 11 படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. பிரிக்கப் பிரிக்க வர்ணம் மற்றக் கடதாசியோடு வந்தது. யாருடைய தலையிலும் இதைப் போட முடியாது. மாமா 40 வருடம் பாதுகாத்ததை நான் இரண்டு வருடத்தில் அழித்தேன்.

இதற்குப் பிறகு மச்சான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "ஒழுகுற வீட்ட வெச்சி என்ன செய்ற? ஓட்டக் கழட்டி ஸ்லாப் போடுவம். முத்தத்த மூடினா இன்னொரு அறை வரும்." லோன் எடுப்பது அவர், கட்டப்போவது நாங்கள் இரண்டு பேரும். கலாசாலையில் இரண்டு வருடம் சித்திரம் படித்த எனக்கும் அப்போது மறுத்துச் சொல்ல ஒன்றும் வாயில் வரவில்லை. முற்றம் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். பிடிக்கும் என்பதற்காக யாரும் லோன் எடுப்பதில்லை.

2023இல் ஒரு செயலமர்வுக்குக் கொழும்பு போனேன். கூட வந்த டீச்சர் ஒருவர் முன்கூட்டியே பதிந்து, பகதலே வீதிப் பக்கம் 33ஆவது ஒழுங்கையில் இருக்கும் 11ஆம் இலக்க வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஜெப்ரி பாவாவின் வீடு. நம் பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர். பாவா என்ற பெயரைக் கேட்டு "நம்மட ஆளா?" என்று கேட்பவர்களுக்கு: அவருடைய தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம்.

அது புதிதாகக் கட்டிய மாளிகை என்று நினைத்துக்கொண்டு போனேன். இல்லை. அடுத்தடுத்து நின்ற நான்கு சின்ன வீடுகள். 1958இல் பாவா அதில் மூன்றாவதை வாடகைக்கு எடுத்தார். மற்றவை ஒவ்வொன்றாகக் கைக்கு வர, பத்து வருடத்தில் நான்கையும் ஒன்றாக இணைத்தார். தெருப்பக்கம் இருந்த முதல் வீட்டை மட்டும் உடைத்து உயரமாக எழுப்பினார். மற்ற மூன்றிலும் பழைய சுவர்களைத் திறந்து, இடையிடையே கூரையை விட்டு, வானத்தைக் கீழே இறக்கியிருக்கிறார்.

அந்த நீண்ட வெள்ளை நடைபாதையில்தான் எனக்கு விளங்கியது. நடந்து போகும்போது ஒரு முழு இருட்டு இல்லை, ஒரு முழு வெளிச்சமும் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சின்ன முற்றம். அதிலிருந்து வரும் வெளிச்சம் முதலில் வெள்ளைச் சுவரில் பட்டு, பிறகுதான் அங்கே வைத்திருக்கும் பொருளுக்கு வருகிறது. ஒரு முற்றத்தில் செட்டிநாட்டு வீடொன்றிலிருந்து கொண்டுவந்த தூண்கள் நிற்கின்றன. அவர் சேர்த்த சிலைகள், துணிகள், ஓவியங்கள் எல்லாம் அப்படி அப்படியே. நெருக்கியடித்து ஒன்றும் இல்லை. சில சுவர்களில் ஒன்றுமே இல்லை. பரீட்சை மண்டபம் மாதிரி படங்களை வரிசையாக மாட்டும் நம் பாடசாலைக் கண்காட்சிகள்தான் ஞாபகம் வந்தன. நானும் அப்படித்தான் மாட்டியிருக்கிறேன்.

மச்சான் மூடச் சொன்ன முற்றம்தான் அந்த வீட்டுக்கு விளக்கு. இதை அங்கே நின்றே அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "வீட்ட வா, பேசுவம்" என்று பதில் வந்தது.

பின்னேரம் பார்ன்ஸ் பிளேஸில் சபுமால் மன்றத்துக்கும் போனோம். '43 குழு ஓவியர்களில் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. தன்னுடையதும் ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல போன்றவர்களுடையதுமான படங்களை, இருந்த வீட்டோடு சேர்த்து 1974இல் ஒரு மன்றத்துக்கு ஆக்கிவிட்டார். மனிதர் குடியிருந்த அறைகளில்தான் படங்கள் தொங்குகின்றன. மாமா இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒருவேளை பார்த்தும் இருக்கலாம், நான் அவரிடம் இதெல்லாம் கேட்டதே இல்லை.

பேசினோம். சண்டையும் பிடித்தோம். கடைசியில் ஓட்டுக்குக் கீழே தகடு போட்டு, உக்கிய மரங்களை மாற்றி, பீலியைப் பெரிதாக்கினோம். முற்றம் அப்படியே இருக்கிறது. இன்னொரு அறையைப் பின்வளவில் எடுத்தோம்.

சுவர்தான் பெரிய பாடம். முந்திய தடவை வந்த மேசன், ஈரம் சுவறுகிறது என்று வெளிப்பக்கம் முழுக்க சீமெந்து பூசியிருந்தார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்தாலும் வெளியே விட்டுவிடும். சீமெந்து பூசினால் வெளியே போக வழியில்லாமல் அது உள்பக்கம் வருகிறது, உப்புப் பூக்கிறது, வர்ணம் பொரிந்து விழுகிறது. அதைக் கொத்தி எடுத்துத் திரும்பச் சுண்ணாம்பே பூசினோம். கடற்கரை ஊர்க்காரர் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

படங்களைச் சுவரோடு ஒட்டி மாட்டவில்லை. ஒவ்வொரு பிரேமின் பின்பக்கமும் நான்கு மூலையில் கோர்க் துண்டு ஒட்டி, காற்றுப் போக இடைவெளி விட்டோம். மாமா பின்னுக்கு வைத்திருந்த ஹாட்போர்ட்டையும் பழைய பத்திரிகையையும் எடுத்துவிட்டு, அமிலம் இல்லாத அட்டை வைத்தோம். நீர்வர்ணத்துக்கு நேர் வெயில் ஆகாது. அதனால் காலை வெயில் விழும் மேற்குச் சுவர் வெறுமையாகத்தான் இருக்கும். பார்க்க வருபவர்கள் "இங்க ஏன் ஒண்டும் இல்ல?" என்று கேட்பது அந்தச் சுவரைத்தான்.

இனி, எழுதலாமா என்று யோசித்த விஷயம்.

64இல் அழிந்தவை போக 53. அதில் 9 படங்களில் மனித முகங்கள் தெளிவாக இருக்கின்றன. ஒன்று மூத்தம்மா, விறாந்தையில் குந்தியிருந்து பாய் இழைக்கிறா. மாமாவின் படங்களிலேயே அதுதான் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். அதை மண்டபத்தில் மாட்டப் போனேன். உம்மா தொழுகைப் பாயிலிருந்து எழும்பி வந்தா.

"புள்ள, மனிசர்ர முகம் தொங்குற வீட்டுக்கு மலக்குமார் வருவாங்களா? நான் மௌத்தானாப் பொறகு என்னத்தயும் மாட்டு."

என்னிடம் பதில் இருந்தது. ஆலிம்களின் கருத்துகள், வீட்டில் இருக்கும் போட்டோ, டீவி, போன் எல்லாவற்றையும் இழுத்து வாதாடியிருக்கலாம். ஆனால் அது உம்மாவின் உம்மா. வாழ்ந்த காலத்தில் மூத்தம்மாவே அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட விட்டதில்லையாம், அதையும் அன்றைக்குத்தான் உம்மா சொன்னா. மாமா அதை வரைந்து, மாட்டாமல், தன் அறையில் வைத்திருந்திருக்கிறார்.

தச்சரிடம் சொல்லி அகலமான லாச்சிகள் உள்ள ஒரு அலுமாரி செய்வித்தேன். ஒன்பது படங்களும் அதில் படுத்திருக்கின்றன, கேட்பவர்களுக்கு இழுத்துக் காட்டுவேன். சரியான தீர்வு என்று சொல்லமாட்டேன். சிலநாள் அந்த லாச்சியை இழுக்கும்போது கோபம்தான் வருகிறது. போன மாதம் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வந்தபோது, மூத்தம்மாவின் படத்தைப் பார்த்த ஒரு பிள்ளை, "டீச்சர், இந்தப் பாய் இன்னும் இருக்கா?" என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை. குசினிக்குள் இருந்த உம்மா, "அது நம்மட கட்டிலுக்குக் கீழதான் கெடக்கு" என்றா.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீடு திறந்திருக்கும். வருபவர்கள் ஒருநாள் முன்கூட்டி ஒரு மெசேஜ் போடுங்கள். தெற்குச் சுவரில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய மேசன்மார் யாரையாவது தெரிந்தால் கொமண்ட்டில் சொல்லுங்கள். அடுத்த மாரிக்கு முன் முடிக்க வேண்டும்.