டிஸ்சார்ஜுக்கு அப்புறம்...

பதிவு எழுதி மூணு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சிடலாம். ஆனா உண்மையான காரணம் சிதம்பரத்துல இருக்கற எங்க பெரியப்பா.

முப்பது வருஷம் சைக்கிள் கடை வெச்சிருந்த மனுஷன். திடீர்னு பக்கவாதம், வலது கை கால் விழுந்துடுச்சு. வெளியூர் தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுல உயிரைக் காப்பாத்திட்டாங்க, அதுக்குக் கும்பிடு. ஆனா டிஸ்சார்ஜ் தாள்ல கடைசி வரி: "பிசியோதெரபி தொடரவும்". எங்க, எத்தனை நாள், யார்கிட்ட? ஒண்ணும் இல்ல. நாங்களும் கேக்கல. ஓய்வெடுத்தா சரியாயிடும்னு மூணு வாரம் படுக்க வெச்சுட்டோம். அதுக்குள்ள தோள்பட்டை இறுகிப்போச்சு. பயிற்சிய ஆரம்பத்துலயே தொடங்கணும்ங்கறது பிறகுதான் தெரிஞ்சுது.

அப்புறம் தினமும் ஆட்டோ. பிசியோதெரபிஸ்ட்டுக்குக் குடுத்ததை விட ஆட்டோவுக்குக் குடுத்ததுதான் ஜாஸ்தி. ரெண்டே வாரத்துல பெரியப்பாவே "போதும்டா, காசு கரையுது"ன்னுட்டார். அடையாள அட்டை விஷயமா கடலூருக்கு பஸ்ல போனது இன்னொரு கூத்து. பஸ் படி உயரத்துக்கு அவர் காலே வரல. நானும் கண்டக்டரும் தூக்கித்தான் ஏத்தினோம். கடலூர் வர்ற வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசல.

திட்டம் இல்லாம இல்லீங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்கறாங்க. பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்! 2022-ல உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனோட ஒப்புதல் குடுத்த தமிழ்நாடு 'உரிமைகள்' திட்டம் இருக்கு. முதல்ல எடுத்துக்கிட்ட மாவட்டங்கள்ல நம்ம கடலூரும் ஒண்ணு. சிகிச்சை எல்லாத்தையும் ஒரே கூரையின் கீழ, வீட்டுக்குப் பக்கத்துலயே தரணும்ங்கறதுதான் அதோட நோக்கம். உலகத்துல சுமார் 240 கோடி பேருக்கு மறுவாழ்வு சிகிச்சை தேவைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆக, இது ஏதோ நாலு பேர் பிரச்சினை இல்ல.

நம்ம பொழப்புல ஒரு டிக்கெட்டை அடுத்த டீமுக்கு மாத்தினா, அங்க ஒருத்தர் பேர்ல அதை ஏத்தாம விட முடியாது. இங்க பேஷன்ட் வாசலைத் தாண்டினா டிக்கெட் க்ளோஸ். எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும், டிஸ்சார்ஜ் அன்னைக்கே பேரும் விலாசமும் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிடணும். திட்டத்தைத் தேடி நோயாளி அலையக் கூடாது, திட்டம்தான் அவரைத் தேடி வரணும். இதுக்குப் புதுசா கட்டடம் வேணாம், ஒரு படிவம் போதும்.

இப்போ வீட்டுக்கு வர்றவர் சொல்லிக் குடுத்ததைப் பெரியம்மா தினமும் காலையில செய்ய வெக்கறாங்க. போன ஞாயித்துக்கிழமை போயிருந்தேன். பெரியப்பா வலது கையில ஒரு ஸ்பேனரைப் பிடிச்சிருந்தார். நட்டு திரும்பல. ஆனா ஸ்பேனர் கீழ விழல.

அந்த மூணு வாரத்தைத்தான் யார்கிட்ட போய்த் திருப்பிக் கேக்கறதுன்னு தெரியல.

உங்க வீட்டுல யாருக்காவது இப்படின்னா, டிஸ்சார்ஜ் அன்னைக்கே "அடுத்து யார்கிட்ட?"ன்னு கேட்டுடுங்க மக்களே.