ஏழுக்கு ஐந்து, நாலுக்கு மூன்று

கோலத்தைச் சின்னதாக்க, புள்ளிகளை நெருக்கி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது நண்பர்களே. கணக்கு டீச்சர் புத்தி, விளக்காமல் விடாது.

எங்கள் அம்மா போட்டு வந்தது ஏழுக்கு ஐந்து நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம். புள்ளிக்குப் புள்ளி 6 அங்குலம். ஓரத்து வளைவையும் சேர்த்தால் 42 அங்குல நீளம், 30 அங்குல அகலம். திருவண்ணாமலையில் எங்கள் தெருவாசலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். மொத்தமும் ஒரே இழை. தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும்.

அம்மா இல்லாத முதல் மார்கழி இது. அண்ணன் மகளுக்குச் சென்னை ஃபிளாட்டில் பாட்டி கோலம்தான் போட வேண்டுமாம். "அத்தை, இங்க எல்லாரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. ஆனா வாசல்ல பதினாறுக்குப் பன்னிரண்டு அங்குலம்தான் இடம்" என்றாள்.

இடைவெளியை இரண்டேகால் அங்குலமாகக் குறைத்தால் கணக்குப்படி அடங்கிவிடும். ஆனால் விரலிடுக்கில் இறங்கும் மாவின் தடிமன் குறையாதே! இழையும் புள்ளியும் ஒட்டி அப்பிக்கொள்ளும். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். 6 அங்குலக் கட்டம் வர, தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் விட்டு ஆறரையாக வெட்டுவார்கள். பாதி அளவு வேண்டுமென்று ஆறரையைப் பாதியாக்கி மூன்றேகாலாக வெட்டினால், தைத்த பிறகு இரண்டேமுக்கால்தான் நிற்கும். ஆறைப் பாதியாக்கிவிட்டு அதன்பிறகு அரை அங்குலம் கூட்ட வேண்டும். தையலுக்கு விடும் துணி சுருங்காது, கோல இழையும் சுருங்காது.

அப்படியானால் புள்ளியைத்தான் குறைக்க வேண்டும். நாலுக்கு இரண்டு வைக்கட்டுமா என்றாள். வைத்தால் இழை இரண்டாகிவிடும். நடுவில் எங்கும் மறிக்காமல், ஓரத்தில் மட்டும் திருப்பிப் போடும் சிக்குக் கோலத்தில் எத்தனை இழை வரும் என்பதை அந்த இரண்டு எண்களின் மீ.பொ.வ. சொல்லிவிடும். ஏழுக்கும் ஐந்துக்கும் ஒன்று. நாலுக்கும் இரண்டுக்கும் இரண்டு. நாலுக்கு மூன்று என்றால் மறுபடி ஒன்று. 4 அங்குல இடைவெளியில் சரியாகப் பதினாறுக்குப் பன்னிரண்டு!

அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்துப் போடும் சித்திரங்களுக்கும் இதே விதிதான். மொசாம்பிக்கில் கணிதம் கற்பித்த பவுலஸ் கெர்டெஸ் அவற்றோடு நம் கோலத்தையும் சேர்த்து ஆராய்ந்தவர். நம் தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1974லேயே கோலத்தின் இலக்கணம் பற்றிக் கணினியியல் கட்டுரை எழுதிவிட்டார்கள்.

ஆனால் அம்மாவுக்கு மீ.பொ.வ. என்றால் என்னவென்றே தெரியாது. தீபத்துக்குக் கோலத்தை இரட்டிப்பாக்கும்போது பதினாலுக்குப் பத்து வைக்கமாட்டார். "ஒரு வரிசை கூட்டி வை, இல்லன்னா ஒட்டாது" என்பார். பதினாலுக்குப் பதினொன்று. ஒட்டும். ஏனென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, புள்ளியை மட்டும் எண்ணிவிட்டுப் போவார்.

பொங்கலுக்கு ஒன்பதுக்கு ஆறு போடலாமா என்று இப்போது கேட்டிருக்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள், எத்தனை இழை வரும்? மனக்கணக்கு வேண்டாம். மாவை எடுத்து, கையை எடுக்காமல் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.