பூஜ்யம் காட்டிய பேட்டரி

பேரன் பிறந்த செய்தியைப் போட்டபோதே, "வீட்ல சோலார் என்னாச்சு சார்?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை என்பதால் தள்ளிப்போட்டு வந்தேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வருகிறது என்றார்கள். மகளின் பிரசவத்துக்காக நாங்கள் கோவைக்குக் கிளம்பிய நேரம். இடி மின்னலுக்குப் பயந்து பேனல் சுவிட்சை அணைத்தேன், மெயினையும் அணைத்தேன். இன்வெர்ட்டரை மறந்துவிட்டேன். புயல் கரையைக் கடந்த பிறகுதான் நம் பக்கம் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அரூர்ப் பக்கமும் வெள்ளம். மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரிதான் போயிருந்தது. மீட்டரில் பூஜ்யம்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 8 செல், 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. ஆக 2560 வாட்-மணி. ஒரு விளக்குகூட எரியாமலே எங்கள் இன்வெர்ட்டர் தன் செலவுக்கு 25 வாட் தின்னும். நூறு மணி நேரம், நாலே நாள். முப்பது வருஷம் இந்த மாதிரி வகுத்தலைக் கரும்பலகையில் போட்டவன் நான்.

விற்ற கடையில் கேட்டதும், நேரில் வந்துகூடப் பார்க்காமல், "செத்துப்போச்சு சார், புதுசுதான் போடணும்" என்றார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல். வீட்டுக்காரம்மாவுக்கு இரவில் இழுப்பு வந்தால் நெபுலைசர் ஓட வேண்டும், கரண்டோ சொல்லிக்கொண்டு போவதில்லை. அந்த அவசரத்தில், பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து நேராகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று வயரைக்கூடச் சீவிவிட்டேன்.

நல்லவேளை, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்து இப்போது எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஒருவன் வந்து சேர்ந்தான். பெயர் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறான்.

"நேரா குடுத்தா எவ்வளவு ஆம்பியர் பாயும்னு யார் கையிலயும் இல்ல சார். பூஜ்யம்னா செத்துடுச்சுன்னும் அர்த்தம் இல்ல. உள்ள பி.எம்.எஸ். கதவைச் சாத்திக்கிச்சு."

ஒவ்வொரு செல்லையும் காவல் காக்கும் சின்ன சர்க்யூட் அது. ஏதாவது ஒரு செல் 2.5 வோல்ட் அளவுக்கு இறங்கினால் வெளியே போகும் வழியை அடைத்துவிடும். அப்புறம் வெளி முனையில் ஒன்றும் தெரியாது. வெயில் கொளுத்தினாலும் இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றாது. பேட்டரி இருக்கிறது என்று தெரிந்தால்தானே ஏற்றும்? கிணற்று மோட்டாருக்கு முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கும் இல்லையா, அந்தக் கதைதான். சாத்திய பிறகும் அந்தக் காவல்காரர் துளித்துளியாகக் குடித்துக்கொண்டே இருப்பதால், நாள் ஆக ஆக ஆபத்து.

பெட்டியைத் திறந்து செல் செல்லாக அளந்தான். ஏழு செல் 2.3, 2.4 என்று இருந்தன. ஐந்தாவது மட்டும் 2.1.

"இது 2-க்குக் கீழ போயிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன் சார்."

காரணமும் சொன்னான். அளவுக்கு மீறி இறங்கினால் உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரையும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். வேதியியலை நான் அவனுக்கு நடத்தினேனா, அவன் எனக்கு நடத்துகிறானா என்று இருந்தது.

பேட்டரியை வாசல் திண்ணைக்குத் தூக்கிவந்தோம், பக்கத்தில் ஒரு வாளி மணல். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளையில் 2 ஆம்பியர் மட்டும் வைத்தான். நூறு ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது பாலாடையில் பால் புகட்டுகிற மாதிரி. உப்புகிறதா, சுடுகிறதா என்று கால் மணிக்கு ஒரு தடவை புறங்கையை வைத்துப் பார்த்தோம். எல்லா செல்லும் 3 வோல்ட்டைத் தாண்டிய பிறகுதான் 5 ஆம்பியர். சாயங்காலம் இன்வெர்ட்டருக்குப் பேட்டரி தெரிந்தது. அடுத்த நாள் வெயிலில் முழுக்க ஏற்றி, இரண்டு நாள் லோடு கொடுக்காமல் போட்டு வைக்கச் சொன்னான், ஐந்தாவது செல் தானாக இறங்குகிறதா என்று பார்க்க. இறங்கவில்லை. அந்த இரண்டு இரவும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

இந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை 1997-இல் அறிவித்த ஆய்வுக் கட்டுரையில் குட்இனஃபோடு பாதி, நஞ்சுண்டசாமி என்று இரண்டு இந்தியப் பெயர்களும் உண்டு. குட்இனஃப் 2019-இல் நோபல் வாங்கியபோது அவருக்கு 97 வயது. ஓய்வுபெற்ற என் சகாக்கள் கவனிக்கவும்!

பழைய வருகைப் பதிவேடு ஒன்று மிச்சம் இருந்தது. எட்டுப் பெயருக்குப் பதில் எட்டு செல் எழுதி, மாதம் ஒன்றாம் தேதி அளந்து குறிக்கிறேன். இந்த மாதம் ஏழு பேர் 3.33, ஐந்தாமவன் 3.31. இன்வெர்ட்டர் சுவிட்சுக்கு மேலே "ஊருக்குப் போறப்ப இதையும்" என்று வீட்டுக்காரம்மா எழுதி ஒட்டியிருக்கிறார்.