முகமறியாதவருக்கு ஒரு மடல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

துணையின்றி எவரும் மேலே வருவதில்லை என்பார்கள். அந்தத் துணை நமக்கு எவ்வளவு இருக்கிறது என்பது, அதைத் தேடும் நாளில்தான் விளங்குகிறது. முதலாண்டு விடுமுறையில் ஓர் இரவு நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர்கள் யார் யார்? அப்பா விசைத்தறி ஓட்டும் தறிக்கூடத்தின் முதலாளி, மளிகைக் கடைக்காரர், சீட்டுப் பிடிக்கும் அக்கா, மாமன் வீட்டார், சித்தப்பா வீட்டார், அம்மாவோடு வேலை செய்யும் நாலைந்து பெண்கள். எல்லாரும் நல்லவர்கள்தாம். ஆனால், வேதியியல் படித்த பெண் என்ன வேலைக்குப் போகலாம், மேலே என்ன படிக்கலாம் என்று கேட்டால் அவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னே நடந்தவர் இல்லை. ஆகவே, வழி கேட்கவும் ஆளில்லை. பட்டம் வாங்கியதும் ஜவுளிக் கடையில் கணக்கெழுதப் போகலாம் என்பதுதான் வீட்டில் இருந்த ஒரே திட்டம்.

'நான் முதல்வன்' வகுப்பில்தான் லிங்க்டின் என்னும் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். தொழில் செய்வோரும் வேலை தேடுவோரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இணையத்தளம் அது. 2003-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்டது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. நாம் அறிய விரும்பும் ஒருவருக்கு அழைப்பு அனுப்பலாம். அதனோடு சிறு குறிப்பொன்றும் எழுதலாம். கட்டணமில்லாக் கணக்கில் அந்தக் குறிப்பு ஓர் அஞ்சலட்டையின் பாதிகூட வராது. அவர் இசைந்தால், அதன்பின் விரிவாக மடல் எழுதலாம்.

"மலையளவு கதவு திறந்துவிட்டது" என்று எண்ணினேன். மூத்த மாணவி ஒருவர் கொடுத்த ஆங்கில மடலை அப்படியே நகல் செய்தேன். "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, எனக்கு ஏற்றதொரு வேலை அளித்து உதவுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்" என்பது அதன் சாரம். அழைப்பை ஏற்றுக்கொண்ட நாற்பது பேருக்கு அதை அனுப்பினேன். அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை. பிறகு படித்துப் பார்த்தால், நிறுவனத்தின் பெயரை எழுதுவதற்காக விட்டிருந்த கோடிட்ட இடம் கோடாகவே போயிருக்கிறது! நாற்பது பேருக்கும் கோடுதான்.

முப்பத்தொன்பது பேர் பதில் எழுதவில்லை. ஒருவர் எழுதினார். "புகைப்படம் அனுப்பு, வாட்ஸ்ஆப் எண் கொடு, வேலையைப் பற்றி இரவில் பேசலாம்" என்றார். நெஞ்சு படபடத்தது. அந்த ஆளை உடனே தடை செய்தேன். ஆனால், அதற்குள் கைப்பேசி அப்பா கையில் இருந்தது. நானும் தம்பியும் அப்பாவும் பங்கிட்டுக்கொள்ளும் கைப்பேசி அது.

"இது யாரு கண்ணு?"

"தெரியலைங்கப்பா."

"தெரியாத ஆளுக்கு எதுக்கு எழுதுன?"

"வேலை கேட்டு எழுதுனனுங்கப்பா. எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க."

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "தெரியாத ஊட்டு வாசல்ல போயி நின்னு கேக்கறது நமக்குப் பழக்கமில்லையே கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு இரவு வேலைக்குப் போய்விட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் செய்தது விண்ணப்பமா, பிச்சையா?

இந்தக் கேள்வியை என் தமிழ்ப் பேராசிரியரிடம் கேட்டேன், கைப்பேசிக் கதையைச் சொல்லாமல். அவர் சிரித்துக்கொண்டே, "வள்ளுவருக்கே இந்தக் குழப்பம் தெரியும் அம்மா. 'இரவு' என்று ஓர் அதிகாரம். அதற்கு அடுத்ததே 'இரவச்சம்'. 106-உம் 107-உம். இரண்டையும் அடுத்தடுத்துப் படி" என்றார். படித்தேன். கேட்கத் தக்கவரிடம் கேட்பதைக் குறையென்று கொள்ளாதவர், அடுத்த அதிகாரத்திலேயே கேட்பதைக் கண்டு அஞ்சவும் சொல்கிறார். யாரிடம், எதை, எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது என்று எனக்குப் பட்டது. நான் யாரென்று பாராமல் கேட்டேன். அவரால் கொடுக்க இயலாததைக் கேட்டேன். ஒரே மடலை நாற்பது வாசலில் நீட்டினேன். அப்பா சொன்னது சரிதான்.

ஆனால், கேட்காமலே இருந்துவிடலாமா? அதற்கு விடை எங்கள் துறைப் பேராசிரியையிடம் கிடைத்தது. மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினாராம். வேலையைப் பற்றிய புதிய செய்தி, நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதோ பார்க்கும் அறிமுகக்காரர்கள் வழியாகவே பெரிதும் வருகிறது என்றார் அவர். காரணம் எளியது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததே. தொலைவில் இருப்பவர்தான் நாம் அறியாததை அறிவார். 2022-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த கட்டுரையொன்று, இதே லிங்க்டினைப் பயன்படுத்தும் 2 கோடிப் பேரைக் கொண்டு 5 ஆண்டுக் காலத் தரவுகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. வேலை மாறுவதற்கு, மிக நெருங்கியவர்களைவிட ஓரளவு அறிமுகமானவர்களே கூடுதலாக உதவினார்கள் என்று கண்டது. அந்த இரவு நான் போட்ட பட்டியலில் நெருங்கியவர் நிறைய இருந்தார்கள். தொலைவில் உள்ளவர் ஒருவரும் இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தந்தையின் நண்பர் இருக்கிறார். நமக்கு யார் இருக்கிறார்கள்?

எனவே மீண்டும் எழுதத் துணிந்தேன். இம்முறை அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதினேன். நம் கல்லூரியின் பெயரைத் தேடினால், இங்கே படித்தவர்கள் வரிசையாக வருகிறார்கள். அவர்களில், மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பணிபுரியும் ஓர் அம்மையாரைத் தேர்ந்தேன். இதே வேதியியல் துறையில் படித்தவர். "தாங்கள் படித்த துறையில் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தங்கள் பணியைப் பற்றி ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன்" என்று இரண்டே வரியில் குறிப்பு எழுதினேன். தமிழ்வழியில் படித்த எனக்கு அந்த இரண்டு வரி ஆங்கிலத்துக்கு இரண்டு மாலைப்பொழுது ஆயிற்று. நான்காம் நாள் அழைப்பை ஏற்றுக்கொண்டார். "இந்த வேலைக்கு வருவதற்கு, பாடத்துக்கு வெளியே நான் எதைக் கற்க வேண்டும்? நேரம் கிடைக்கும்போது பதில் தந்தால் போதும்" என்று கேட்டேன். வேலை கேட்கவில்லை.

பதினொரு நாள் பதிலில்லை. இன்னொரு முறை எழுதலாமா என்று விரல் துடித்தது. "அவிங்களுக்கும் சோலி இருக்குமல்ல" என்றார் அப்பா. பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது, தமிழில் வந்தது!

"நானும் தமிழ்வழிதான் அம்மா. முதலில், டைட்ரேஷனைக் கை நடுங்காமல் செய்யக் கற்றுக்கொள். அளவுகளைத் துண்டுத்தாளில் குறித்துப் பிறகு நோட்டில் நகல் எடுக்காதே; அப்போதைக்கப்போது நோட்டிலேயே எழுது. தவறினால் ஒரே கோடாக அடித்துக் கையெழுத்திடு. மருந்துத் தொழிற்சாலையில் துண்டுத்தாள் பெரிய குற்றம். எச்.பி.எல்.சி. கருவி கல்லூரியில் இல்லாவிட்டாலும் அது எப்படிப் பிரிக்கிறது என்று படித்து வை. மேலே படிக்க ஆசையிருந்தால் 'ஜாம்' தேர்வைப் பற்றி விசாரி. எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை."

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான நுழைவுத் தேர்வு அது. 2004 முதல் நடைபெறுகிறது. வேதியியலுக்கும் தாள் உண்டு. இறுதியாண்டில் படித்துக்கொண்டே எழுதலாம். இரண்டு ஆண்டுகளாக இதே கல்லூரியில் நடமாடிய எனக்கு இது தெரியாது. ப்யூரெட் அளவை உள்ளங்கையில் எழுதும் வழக்கம் எனக்கும் என் தோழியருக்கும் இருந்தது, அன்றோடு விட்டேன். மடலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எம்.எஸ்ஸி.க்கு எத்தனை வருசம் கண்ணு?" என்றார். ஜவுளிக் கடைப் பேச்சை அன்றைக்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

நண்பர்களே! நான் கற்றவை சிலவே. யாருக்கு எழுதுகிறோம் என்று அறிந்து எழுத வேண்டும். கொடுப்பவருக்குக் குறைவு வராத ஒன்றைக் கேட்க வேண்டும், அறிவு அத்தகையது. விடை வராவிட்டால் மனம் நோகக் கூடாது. நாம் அவருக்கு ஒன்றும் கடன் கொடுத்து வைக்கவில்லை. விடை வந்தால் நன்றி எழுத வேண்டும். அவர் சொன்னதைச் செய்து பார்த்து, அதையும் தெரிவிக்க வேண்டும். தோழியருக்குத் தனியாக ஒன்று: எண்ணும் படமும் கேட்பவர் வழிகாட்டி அல்லர். தடை செய்துவிட்டு, வீட்டிலோ பேராசிரியையிடமோ சொல்லிவிடுங்கள். மறைத்து வைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

தறியில் பாவு தீர்ந்துபோனால், பழைய நூலின் முனையோடு புதிய நூலின் முனையை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். அச்சு பிணைப்பது என்பார்கள். அம்மா செய்யும் வேலை அதுதான். ஆயிரக்கணக்கான இழைகள், அவசரப்பட்டால் அத்தனையும் அறுந்துபோகும். என் நாற்பது மடல்களை நினைக்கும்போதெல்லாம் அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வருகின்றன.

சென்ற மாதம் முதலாண்டு மாணவி ஒருத்தியிடமிருந்து எனக்கு ஒரு மடல் வந்தது. "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா" என்று தொடங்கியிருந்தது. நடுவில் கோடிட்ட இடம் அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து, அவளுக்கு விரிவாகப் பதில் எழுதினேன்.